கூட யாரு நிக்கிறா?

கயலு,

வாசல் கேட்டில் இருந்த 'டாக்டர்' போர்டை நீயே ஸ்பேனர் வைத்துக் கழற்றி, கருவாட்டுச் சாக்கில் சுற்றி, குடோன் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கீரனூரில் திருச்சி பஸ் ஏறிப் போய்விட்டாய். திருச்சியிலிருந்து சென்னை. சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனி. அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒரு நோயாளிக்கு எழுதியதைப் படித்து, அந்த வியாதிக்கு உரிய நம்பரைப் போடுகிற வேலை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். "இனிமே இதுதாம்மா. டாக்டரு கீக்டருன்னு யாரும் என்கிட்ட பேசாதீங்க" என்றாயாம். என் போனை நீ எடுப்பதே இல்லை. உன் அம்மா வாங்குகிற இந்தப் பத்திரிகையைச் சின்ன வயதிலிருந்து கடைசிப் பக்கத்தில் தொடங்கித்தான் படிப்பாய். சென்னையிலும் வாங்குவாய் என்கிற நம்பிக்கையில் இதில் எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை, விலை சொல்லிப் பழகியவன். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்.

அந்தப் போர்டைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வெளிநாட்டில் ஆறு வருஷம் படித்து முடித்து நீ வந்து இறங்கிய அன்றைக்கே கீரனூர் பஸ் ஸ்டாண்டில் உன் படம் போட்ட பிளெக்ஸ் நின்றது. கேட்டில் பித்தளை எழுத்தில் போர்டு மாட்டியாகிவிட்டது. நீ பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "அப்பா, நான் இன்னும் டாக்டர் இல்லப்பா. இங்க ஒரு பரீட்சை எழுதணும், பாஸானா ஒரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரில ட்ரெயினிங் பாக்கணும், அப்பறம்தான் ரிஜிஸ்டர் பண்ணுவாங்க" என்றாய். நான் சிரித்தேன். "ஆறு வருஷம் படிச்ச புள்ளைய வேற என்னன்னு சொல்றது, கண்டக்டருன்னா?" என்று கேட்டேன். கூட நின்ற லோடுமேன்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எங்கள் கருவாட்டுத் தொழிலில் சரக்கு லாரியில் ஏறும் முன்னாலேயே விலை சொல்லிவிடுவோம், அந்தப் பழக்கம். பிள்ளை சரக்கு இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போர்டைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாய்க்கடி. ஒவ்வொருவரிடமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நீ பதில் சொன்னாய். "நான் பாக்கக் கூடாதுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க" என்பாய். "அங்கதாந்தாயி போயிட்டு வாரேன், டாக்டரு இன்னைக்கி வேற ஊரு ஆஸ்பத்திரியப் பாக்கப் போயிட்டாராம்" என்பார்கள். நம் பக்கத்தில் ஒரே டாக்டர் இரண்டு இடத்துக்கு ஓடுவது புதிதா? அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு கால்தான். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, ஆஸ்பத்திரி இல்லாத டாக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள் சனங்கள். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாய். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாய். மூன்றாவது தடவை பாஸ் செய்தாய். அன்றைக்குச் சந்தை முழுக்க லட்டு கொடுத்தேன். இனி பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் பாக்கி, ஒரு வருஷம் ஓட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்.

இடம் கிடைக்கவில்லை. வெளியில் படித்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கொஞ்ச இடம்தான், வரிசை நீளம் என்றாய். கொரோனா காலத்தில் நீ ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டபோது ஒரு வருஷப் படிப்பு நம் வீட்டு மாடி அறையில் லேப்டாப்பிலேயே நடந்ததால் அதற்கு ஈடாக உன் காலேஜிலிருந்து இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்று பேப்பரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காலேஜ்காரனுக்கு நீ அனுப்பிய மெயிலுக்குப் பதிலே இல்லை. நான் கொதித்தேன், திட்டினேன். நீ மட்டும் ஒரு நாள் அமைதியாகச் சொன்னாய்: "அவங்க கேக்கறதுலயும் ஞாயம் இருக்குப்பா. புத்தகத்துல எனக்கு எல்லாந் தெரியும். கைதான் இன்னும் தொடல. பக்கத்துல ஒரு பெரிய டாக்டரு நின்னு, இது சரி, இது தப்புன்னு சொல்லச் சொல்ல நான் செய்யணும். வேற சில நாட்டுல எங்கள மாதிரி ஆளுகள அப்படித்தான் செய்றாங்களாம். டாக்டரு இல்லாத ஊருல, ஒரு சீனியர் டாக்டரு கண்ணு முன்னாடி சில வருஷம் வேலை பாக்க விட்டு, சரியா இருந்தா முழு லைசென்ஸ் குடுக்குறாங்களாம்."

நீ சொன்னபோது எனக்குக் கட்டுமாவடி மீன் ஏலக்கூடம்தான் ஞாபகம் வந்தது. உனக்கு அந்தக் கதையை நான் சொன்னதில்லை. நான் முதன்முதலாக அங்கே போனபோது ஓட்டை சைக்கிளும் ஓலைக்கூடையும்தான் என்னிடம் இருந்தன. கடலைப் பார்த்ததே அன்றுதான். குவியல் குவியலாக மீனைக் கொட்டி ஏலம் விட்டார்கள். நானும் கையைத் தூக்கி விலை கேட்டேன். ஏலம் விடுகிறவர் என் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாம் தரம் சத்தமாகக் கேட்டேன். அப்போதுதான் பார்த்தார். "கூட யாரு?" என்றார். எனக்குப் புரியவில்லை. "தனியாத்தாங்க வந்தேன்" என்றேன். கூடமே சிரித்தது. அந்த இடத்தின் வழக்கம் அது. புது ஆள் முதல் சீசன் முழுக்கத் தனியாக ஏலம் கேட்க முடியாது, பழைய வியாபாரி ஒருவர் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் நின்றால் இவன் கேட்ட விலை செல்லும். இவன் ஏமாந்து நாறின மீனை எடுத்தாலும், விலையைக் கேட்டுவிட்டு ஓடிப்போனாலும் அவர்தான் பொறுப்பு. அந்தோணி அண்ணன் என்று ஒருவர், என்னை முன்பின் தெரியாதவர், வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றார். "நான் நிக்கிறேன், வுடு. மூஞ்சப் பாத்தா திருட்டுப்பய மாதிரி இல்ல, முட்டாப்பய மாதிரித்தான் இருக்கான்" என்றார்.

ஒரு சீசன் நின்றார், கயலு. மீன் புதுசா என்று செவுளைப் பார்க்காமல் நான் கையைத் தூக்கினால் என் கையைத் தட்டிவிடுவார். நான் சரியாகக் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்ப்பார், அதுதான் பாராட்டு. காய்ச்சலில் ஒரு நாள் அவர் வரவில்லை. நான் போய், "அண்ணன் பேரச் சொல்லிக் கேக்குறேன்" என்றேன். ஏலக்காரர் சொன்னார்: "பேரு நிக்காது தம்பி. ஆளுதான் நிக்கணும். நாளைக்கி வா." அன்றைக்கு வெறுங்கூடையோடு சைக்கிளை மிதித்துத் திரும்பினேன். படிக்காத மனிதர்கள் நடத்துகிற மீன் ஏலத்தில் புது ஆளை உள்ளே விடுவதற்கு இத்தனை ஒழுங்கான வழி இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்று விரட்டவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு விடவும் இல்லை. பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டுப்போன மீனைத் தள்ளத்தான் வேண்டும். ஆனால் தேறின பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயதாக விட்டுவிட்டு, டாக்டர் பற்றாக்குறை என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, இது எந்த ஊர் வியாபாரம்? சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களையும்தான் கேட்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் உனக்கு என்ன செய்தேன் என்று இப்போது சொல்ல வேண்டும். அந்த மருந்துக்கடைக்காரர் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அவர் சந்தைக்கு வந்து என்னைப் பார்த்தார். கடைக்குப் பக்கத்து அறையை கிளினிக் ஆக்கியிருப்பதாகச் சொன்னார். வயதான டாக்டர் ஒருவர் பெயரில் போர்டு இருக்கிறது, அவர் வருவதில்லை, உள்ளே நீ உட்கார்ந்தால் போதும் என்றார். "வெளிய அவரு பேரு, உள்ள ஒங்க புள்ள. யாரு கேக்கப் போறா? எல்லாரும் செய்றதுதாண்ணே" என்றார். எனக்குப் 'பேரு நிக்காது' என்ற வார்த்தை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ நாள் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததுதான் கண்ணில் நின்றது. சரி என்று கையைக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொன்னபோது நீ முடியாது என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலை உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மீனு கரையிலயே கெடந்தா நாறிப்போகும் கயலு. அப்பறம் யாரும் சீண்ட மாட்டான்" என்றேன். பெற்ற பெண்ணைப் பார்த்து ஒருவன் சொல்கிற பேச்சா அது? மறுநாள், "சும்மா வந்து எடத்த மட்டும் பாரு" என்று பொய் சொல்லி உன்னை வண்டியில் ஏற்றினேன்.

அங்கே பெஞ்சில் ஏற்கெனவே ஆட்களை உட்கார வைத்திருந்தார் அவர். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திரும்பி நடக்கப் போனவள், பெஞ்சு ஓரத்தில் சாய்ந்திருந்த பெண்ணைப் பார்த்து நின்றுவிட்டாய். களை எடுக்கப் போகிறவள், செல்வி என்று பெயர். ஒரு வாரமாகக் காய்ச்சல், எங்கெங்கோ ஊசி போட்டும் நிற்கவில்லை என்றார் அவள் புருஷன். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நீ அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அக்குளுக்குக் கீழ சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண்ணு இருக்குப்பா. இது உண்ணிக் காய்ச்சல். பூச்சி கடிச்சு வாரது. மருந்து இருக்கு, ஆனா பிரஷர் எறங்குது, இங்க வச்சுப் பாக்கற நெலமை இல்ல. நான் நெனக்கிறது சரிதானான்னு ஒருத்தரக் கேக்கணும்." போர்டில் பெயர் போட்ட டாக்டரின் நம்பரை வாங்கி நீ அடித்தாய். அவருடைய மகன் எடுத்தார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அப்பாவா? அவருக்கு இப்ப ஆளே அடையாளந் தெரியலைம்மா. நீங்க யாரு பேசுறது?"

நீ போனை வைத்துவிட்டு ஒரு மருந்தும் எழுதாமல், ஒரு ஊசியும் போடாமல், அந்தப் பெண்ணைத் தூக்கி நம் வண்டியில் போடச் சொன்னாய். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாடியைப் பிடித்தபடி வந்தாய். அவசரப் பிரிவில் அவளை இறக்கியதும் அவள் புருஷன் சீட்டுப் போட ஓடினார், உன் வயதே இருக்கும் ஒரு டியூட்டி டாக்டர் ஓடி வந்தாள். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு ஈட்டி மாதிரி இறங்கியது.

"இந்தம்மா கூட யாரு?"

ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். நோயாளியோடு துணைக்கு வந்தது யார் என்று அர்த்தம். நீ, "நான்தான்" என்றாய். புண் இருக்கும் இடத்தைக் காட்டி, உன் சந்தேகத்தை இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாய். அவள் புண்ணைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "நீங்க டாக்டரா?" என்றாள். நீ என் பக்கம் திரும்பினாய். வாசலில் போர்டு மாட்டியவன், பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் கட்டியவன், சுவரோடு ஒட்டி நின்றேன். "இல்லங்க. பக்கத்து வீடு" என்றாய் நீ.

வீட்டுக்கு வரும் வழியில், "நான் அதச் சரியாச் சொன்னேனாப்பா?" என்று மட்டும் கேட்டாய். எனக்கு என்ன தெரியும், நான் கருவாட்டுக்காரன். இரண்டு நாள் கழித்து ஸ்பேனரைத் தேடி எடுத்தாய். நீ சொன்னது சரிதான் கயலு. செல்வி பிழைத்துவிட்டாள். இன்னும் சில மணி நேரம் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று சொன்னார்களாம். அவள் புருஷன் நம் கடைக்கு வந்து, "ஒங்க மக எங்கங்க? கும்புட்டுட்டுப் போவம்னு வந்தேன்" என்றார். மெட்ராஸில் நம்பர் போடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? ஊருக்குப் போயிருக்கு என்றேன். அந்த ஆள் போன பிறகு, கடையைத் திறந்து போட்டபடியே குடோனுக்குள் போய் அந்தச் சாக்கு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "அழுதா புள்ள வந்துருமா? யாரையாச்சும் போயிப் பாருங்க. எம்புட்டோ பேருகிட்ட பேரம் பேசுறீங்கள்ல" என்றாள். நீ போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதனால் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியை நடத்துகிறாரே, அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பார்த்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னமும் தனி ஆளாகத்தான் பார்க்கிறார். வராண்டா நிறைய சனம். என் முறை வந்ததும் நாடியைப் பிடிக்கக் கையை நீட்டினார். "எனக்கு ஒண்ணுமில்லைங்கம்மா. என் மகளுக்குத்தான்" என்றேன். "மகள எங்க?" "சென்னையில." "அப்ப இங்கிட்டு எதுக்கு வந்தீங்க?" எல்லாவற்றையும் சொன்னேன். பிளெக்ஸ், மருந்துக்கடை, நாறின மீன், பக்கத்து வீடு, ஒன்றையும் மறைக்கவில்லை. பேசப் பேச அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. செல்வியின் அக்குளில் நீ பார்த்த புண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அத அவளே பாத்தாளா? யாரும் சொல்லித் தரலையே?"

"அவளேதாங்கம்மா."

"அங்க நெறைய பேரு பாக்காம விட்ருவாங்க. ரவிக்கையை வெலக்கிப் பாக்கத் தோணாது." வராண்டாவில் நின்ற கூட்டத்தை எட்டிப் பார்த்தார். "இங்க பாருங்க, அவளுக்கு நான் லைசென்ஸ் குடுக்க முடியாது. என்கிட்ட இருக்கறது கவர்மெண்டு கணக்குல வாற ட்ரெயினிங்கும் இல்ல. இங்க வந்து நின்னதுக்கு ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது."

"தெரியுமுங்க. அவளுக்கு எடம் கெடைக்கிற வரைக்கும் ஒங்க பக்கத்துல நிக்கட்டும். நீங்க பாக்கறதப் பாக்கட்டும். அந்தப் புள்ள படிச்சதெல்லாம் மறந்துபோகும் முன்னாடி..." சந்தையில் இத்தனை வருஷத்தில் யார் முன்னாலும் நான் கெஞ்சியதில்லை, உனக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டேன். "கூட நிக்க ஒரு ஆளு வேணுங்கம்மா. அம்புட்டுத்தான்."

"கைய எறக்குங்க. வெளிய சனம் பாக்குது, கருவாட்டுக்காரருக்குப் பெரிய வியாதி போலன்னு நெனச்சுக்கப் போகுது." அப்போதுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நான் நிக்கிறேன். ஆனா கண்டிஷன் இருக்கு."

நான் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். அவர் சொன்ன எதிலும் ஒரு வார்த்தைகூடக் குறைத்துக் கேட்கவில்லை. நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தினம் சாயங்காலம் திருச்சி பஸ் வருகிற நேரத்துக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறேன், டீக்கடைக்காரர் இப்போது கேட்காமலேயே கிளாஸை நீட்டுகிறார். நீ எடுத்த வேலையை விட்டுவிட்டு வா என்று அதட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், முடிவை நீ எடு.

எந்தத் திங்கட்கிழமையும் வரலாம், காலை எட்டு மணிக்கு. கோட்டுப் போடக் கூடாது. உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று நீயும் சொல்லக் கூடாது, மற்றவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். மருந்து எழுதக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. நோயாளி சரி என்றால்தான் அறைக்குள் நிற்கலாம். ஒவ்வொருவரும் வெளியே போனதும் நீ என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்பார், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து அன்று பார்த்ததை எல்லாம் பேச வேண்டும். சம்பளம் கிடையாது. பயிற்சிக்கு இடம் கிடைத்த அன்றே போய்விடலாம்.

எனக்கும் அவர் நிபந்தனை போட்டார். அந்த ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி நான் உள்ளே வரக் கூடாது. யாரிடமும் உனக்காகச் சிபாரிசுக்குப் போகக் கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்த வாக்கை நேரில் போய்த் திருப்பி வாங்க வேண்டும், வாங்கிவிட்டேன். பித்தளைப் போர்டை உருக்கக் கூடாது, விற்கவும் கூடாது. நீ ரிஜிஸ்டர் ஆகிற வரைக்கும் அது சாக்கிலேயே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் விலையாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊரு பூரா டாக்டருன்னு சொன்னீங்கள்ல, இப்ப ஊரு பூரா இன்னும் இல்லைன்னு சொல்லுங்க. ஒங்க வாயால, எல்லாரும் பாக்கற மாதிரி. அதுக்கப்பறம் அவ என் ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கலாம்."

என் மகள் கயல்விழி இன்னும் டாக்டர் இல்லை. வாசலில் போர்டு மாட்டியதும் பிளெக்ஸ் கட்டியதும் நான். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன்.

அப்பா